தீராக் களஞ்சியமும் காலிக் குடமும்



அள்ள அள்ளக் குறையாத களஞ்சியத்தை ஜப்பானியர் 'முஜின்சோ' என்பார்கள். அவர்களுக்குப் பௌத்தம் கொடுத்த சொல் அது. நமக்கு அதே பௌத்தம் மணிமேகலையின் கையில் அமுதசுரபியைக் கொடுத்தது.

அந்தப் பாத்திரத்தில் முதல் பிச்சை இட்டவள் ஆதிரை. அவள் கணவன் சாதுவன் கப்பல் உடைந்து ஒதுங்கியது ஆடையற்ற நாகர்கள் வாழ்ந்த மலைக்கரையில். அவர்கள் மொழி தெரிந்திருந்ததால் உயிர் தப்பினான். அந்தக் கரை நம் நிக்கோபார்தான் என்று கருதுவோர் உண்டு. சோழர் கல்வெட்டு சொல்லும் மாநக்கவாரம் அது. ஆக, அமுதசுரபியில் இந்த அந்தமான் நிக்கோபார் தீவுகளுக்கும் பங்குண்டு என்று நாம் உரிமை கொண்டாடலாம், தப்பில்லை!

ஆனால் மணிமேகலைக்கு முன் அமுதசுரபியை வைத்திருந்த ஆபுத்திரனை நினைத்துப் பாருங்கள். பலர் பசி தீர்த்த பாத்திரத்தைத் தன் ஒரு வயிற்றுக்காக வைத்துக்கொள்ள மனமில்லாமல் கோமுகிப் பொய்கையில் விட்டுவிட்டு உயிர் நீத்தான்.

இங்கே வந்தவர்கள் அப்படியா இருந்தார்கள்? சாத்தாம் மர அறுவை ஆலை 1883-இல் ஓடத் தொடங்கியது. படாக் மரத்துக்கு முடிவே இல்லை என்பதுபோல் அறுத்தார்கள். 2002-இல் உச்ச நீதிமன்றம் குறுக்கே வர வேண்டியிருந்தது. முஜின்சோ என்ற சொல்லை வைத்திருந்தவர்களே 1942 மார்ச்சில் படையோடு இறங்கினார்கள். 1945-இல் உணவு தீர்ந்தபோது என்ன செய்தார்கள்? நூற்றுக்கணக்கானவர்களைப் படகேற்றி, ஹேவ்லாக் தீவருகே கடலில் தள்ளினார்கள். தின்னும் வாய்களைக் குறைத்தார்கள்.

சரி, அந்நியரைப் பேசியது போதும். நம் கதைக்கு வருவோம். ஆண்டுக்குச் சுமார் 3,000 மில்லிமீட்டர் மழை நமக்கு. சென்னைக்குக் கிடைப்பதைப்போல் இரு மடங்கு! ஆனாலும் ஏப்ரல் வந்தால் தானிகாரி அணை வற்றுகிறது, வீட்டுக் குழாய் முறைவைத்துச் சொட்டுகிறது. சரிவான மலை, குட்டையான ஓடை. பெய்த மழை நம்மைக் கேட்காமலே கடலுக்குப் போய்விடுகிறது. பெரிய அணை வரட்டும் என்று காத்திருப்பதில் எனக்கு நம்பிக்கையில்லை. நம் தலைக்கு மேலேயே கூரை இருக்கிறது.

மே மாதம் மழை பிடித்துக்கொள்ளும். அதற்குள் இந்த அரங்கத்துக் கூரைக்குத் தகர வாய்க்காலும், கீழே தொட்டியும் வந்தாக வேண்டும். செயலாளர் முன்வரிசையில் உட்கார்ந்திருக்கிறார், எழுந்து போக வழியில்லை! பணம்? இதோ துண்டை ஏந்திக்கொண்டு நானே கீழே இறங்குகிறேன். கடைசி வரிசையில் இருப்பவர்கள் கதவை நோக்கி நகர வேண்டாம்.