பிரேக் ஆயில்

(முன்னாள் மாணவர் சந்திப்பில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



சங்கச் செயலாளர் என்னைக் கூப்பிட்டு, "வெளிநாட்டுல கார் ரேஸ் ஓட்டப் போறீங்களாமே, அதைப் பத்திப் பத்து நிமிஷம் பேசுப்பா, கலகலப்பா இருக்கும்" என்றார். முதலிலேயே சொல்லிவிடுகிறேன். நாங்கள் எந்த ரேஸிலும் ஜெயித்ததில்லை. ஜெயிப்பது இருக்கட்டும், இன்னும் ஒரு ரேஸில்கூட ஓடவில்லை. அடுத்த மாதம்தான் முதல் போட்டி. மூன்று வருஷமாகத் தயாராகிக்கொண்டே இருக்கிறோம். ஆகவே இது தயாரிப்பைப் பற்றிய பேச்சு.

நாங்கள் மூன்று பேர், ஒரே ஹாஸ்டல், ஒரே விங். பெயர் சொன்னால் வீட்டில் திட்டு விழும் என்பதால் பிராஞ்சை வைத்தே சொல்கிறேன். ஒருவன் சிவில், ஒருவன் ட்ரிபிள் ஈ, நான் மெக்கானிக்கல். படிக்கிற காலத்தில் சிவிலும் நானும் லீவு போட்டுவிட்டு, பைக்கில் இருங்காட்டுக்கோட்டைக்குப் போய் வெயிலில் நின்று ரேஸ் பார்த்தவர்கள். சீனியர்களுக்குச் சோழவரம் நினைவிருக்கும். இரண்டாம் உலகப் போர்க் காலத்து விமான ஓடுதளத்தில் கார் ஓட்டிய தலைமுறை அது. நாங்கள் அதைக் கதையாகக் கேட்டதோடு சரி.

பிறகு வேலை தேடி மூவரும் சிங்கப்பூர் போனோம். ஃபார்முலா 1 நடக்கிற ஊராச்சே, அங்கே ரேஸுக்கு என்ன குறை என்று கேட்பீர்கள். அங்கே நிரந்தர ரேஸ் டிராக் ஒன்றுகூடக் கிடையாது. தாம்சன் ரோட்டில் 1961 முதல் 1973 வரை கிராண்ட் பிரி நடந்து, ஆபத்து அதிகம் என்று நின்றுபோனது. 2008-இல் தொடங்கிய மரினா பே பந்தயம், ஊர்ச் சாலைகளை அடைத்து ஓட்டுகிற தற்காலிக ஏற்பாடு. சாங்கியில் ஒரு டிராக் கட்ட ஆரம்பித்தார்கள், அதுவும் பாதியில் நின்றது. ஆகவே ஆசை உள்ளவர்கள் பாலத்தைக் கடந்து மலேசியாவுக்குப் போக வேண்டும். 1999-இல் திறந்த செப்பாங் டிராக், ஒரு சுற்று 5.543 கிலோமீட்டர், 15 வளைவுகள். நம்ம கோயம்புத்தூர் நரேன் கார்த்திகேயன் 2005-இல் ஃபார்முலா 1 கார் ஓட்டிய அதே இடம். எங்களைப் போன்ற அமெச்சூர்களுக்கும் கட்டணம் கட்டினால் பயிற்சி நாளில் இடம் உண்டு.

மூவரும் பங்கு போட்டு ஒரு பழைய புரோட்டான் சத்ரியா வாங்கினோம், 1.6 லிட்டர் வண்டி. ஜோகூர் பாருவில் தெரிந்த ஒருவரின் பட்டறையில் அதை நிறுத்தி, சனிக்கிழமைதோறும் போய் வேலை செய்தோம். பின் சீட், கார்ப்பெட், கதவு அட்டை எல்லாவற்றையும் கழற்றினோம். ரோல் கேஜ் வைத்து வெல்டிங் செய்தோம். ஆறு புள்ளி பெல்ட், தீயணைப்பான், வெளியிலிருந்து கரண்டை நிறுத்தும் ஸ்விட்ச், முன்னும் பின்னும் இழுவைக் கொக்கி, இவையெல்லாம் இல்லாமல் ரேஸ் பரிசோதகர் உள்ளேயே விடமாட்டார். லைசென்ஸ், சம்மதக் கடிதம், இன்சூரன்ஸ் என்று காகிதம் தனிக் கதை, அதை விட்டுவிடுகிறேன்.

கையில் இருந்த பணத்தில் பெரும்பகுதி எஞ்சினுக்குப் போனது. எக்ஸாஸ்ட் மாற்றினோம், கேம் ஷாஃப்ட் மாற்றினோம், ட்ரிபிள் ஈ ராத்திரி ராத்திரியாக உட்கார்ந்து இ.சி.யூ.வைச் சரிசெய்தான். நேர்பாதையின் முடிவில் 160 போன வண்டி 170 போனது. மூவரும் கட்டிப்பிடித்துக்கொண்டோம். பிரேக் என் பொறுப்பு. நல்ல பேட் மட்டும் போட்டேன்.

இங்கே ஒரு சின்னக் கணக்கு. வேகம் கூடியது பத்து கிலோமீட்டர்தான், ஆனால் இயக்க ஆற்றல் வேகத்தின் இருமடி. அதாவது எட்டில் ஒரு பங்கு அதிகம். ஓட்டுநரோடு 1100 கிலோ எடையுள்ள வண்டியை 170-லிருந்து 70-க்குக் குறைத்தால் சுமார் பத்து லட்சம் ஜூல் வெப்பம் வருகிறது. மூன்றரை லிட்டர் தண்ணீரைக் கொதிநிலைக்குக் கொண்டுபோகிற சூடு, நாலைந்து வினாடியில். அடுத்த சுற்றில் மறுபடியும். இது பெரும்பாலும் பிரேக் தட்டிலும் பேடிலும்தான் இறங்குகிறது. அங்கிருந்து பிஸ்டன் வழியாகப் பிரேக் ஆயிலுக்கு ஏறுகிறது. டாட் 4 என்று கடையில் விற்கிற ஆயில் புதிதாக இருக்கும்போது குறைந்தது 230 டிகிரி தாங்க வேண்டும் என்பது விதி. ஆனால் அது காற்றிலிருந்து ஈரத்தைக் குடிக்கிற சரக்கு. ஈரம் குடித்த பிறகு 155 தாங்கினால் போதும் என்கிறது அதே விதி. ஆயில் கொதித்தால் குழாயில் ஆவி. ஆவியை அழுத்தினால் அமுங்கும், பிரேக் பிடிக்காது. ஹீட் டிரான்ஸ்ஃபரில் அரியர் வைத்தவன்தான் நான், இருந்தாலும் இந்த அளவு எனக்குத் தெரியும். தெரிந்தும் நடந்ததைத்தான் சொல்ல வருகிறேன்.

போன வருஷம் ஒரு பயிற்சி நாளுக்குப் பதிவு செய்திருந்தோம். முதல் நாள் மாலை ட்ரிபிள் ஈயின் காரில் எல்லை தாண்டக் கிளம்பினோம். சிங்கப்பூர் வண்டி வெளியே போகும்போது பெட்ரோல் டாங்க் முக்கால்வாசியாவது நிறைந்திருக்க வேண்டும் என்று சட்டம். மலேசியாவில் மலிவாகப் போட்டுக்கொண்டு வரக்கூடாது என்பதற்காக. எங்கள் முள் முக்காலுக்கு ஒரு நூல் கீழே. திருப்பி அனுப்பிவிட்டார்கள். பெட்ரோல் போட்டு மறுபடி வரிசையில் நின்றதில் இரண்டு மணி நேரம் போச்சு. ஜோகூரில் நான் புது பிரேக் ஆயில் வாங்க நினைத்திருந்த கடை பூட்டியிருந்தது. பட்டறை அலமாரியில் எட்டு மாதத்துக்கு முன் நான் திறந்து, பாதி ஊற்றி, மூடிவைத்த பாட்டில் இருந்தது. மறுநாள் விடியற்காலை நாலு மணிக்கு வண்டியை டிரெய்லரில் ஏற்றிக்கொண்டு முந்நூறு கிலோமீட்டர் போக வேண்டும். பாட்டிலைக் கையில் எடுத்துக் கொஞ்ச நேரம் நின்றேன். பிறகு அதையே ஊற்றிக் காற்றெடுத்தேன். யாரிடமும் சொல்லவில்லை.

ஏழாவது சுற்று. சிவில் ஓட்டினான். பின் நேர்பாதை முடிந்து கடைசி ஹேர்பின். நாங்கள் சுவரோரம் நின்று பார்க்கிறோம், வண்டி திரும்பவில்லை. நேராக வெளியே போய்ச் சுற்றிக்கொண்டு நின்றது. கியரை இறக்கி, பெடலைப் பம்ப் அடித்து எப்படியோ நிறுத்தியிருக்கிறான். இறங்கி வந்தவன் சொன்னது ஒன்றே ஒன்று. "பெடல் தரைக்குப் போயிடுச்சுடா."

"நீ லேட்டாப் பிடிச்சிருப்பே" என்று ட்ரிபிள் ஈ அவனைத் திட்டினான். சிவில் பதில் பேசவில்லை. தன் தப்போ என்று அவனே யோசிக்க ஆரம்பித்துவிட்டான். நான் பக்கத்தில் நின்று டயர் காற்றைப் பார்க்கிற மாதிரி பாவனை செய்துகொண்டிருந்தேன். அன்றைய நாளில் எனக்கு வெட்கமான நேரம் ஆயில் ஊற்றிய நேரமில்லை, இந்தப் பத்து நிமிஷம்தான்.

ராத்திரி நீலாயில் ஒரு மாமாக் கடையில் சாப்பிடும்போது சொன்னேன். எட்டு மாசத்துப் பாட்டில், கடை பூட்டியிருந்தது, இப்படி இப்படி என்று. சிவில் தேத்தாரிக் கிளாஸைக் கீழே வைத்தான். "எனக்கு ரெண்டு பொண்ணு இருக்குடா" என்றான். எழுந்துபோய்க் காரில் உட்கார்ந்துவிட்டான். ஒரு மாதம் போன் எடுக்கவில்லை. அவன் மனைவிதான் ஒரு நாள் கூப்பிட்டு, "அண்ணா, நீங்க செஞ்சதுக்கு நான் சமாதானம் பேச வரல. ஆனா ராத்திரி தூக்கத்துல கால உதைச்சுக்கிட்டு எந்திரிக்கிறாரு" என்றார். அதற்கு நான் என்ன சொல்வது? "தப்பு என்னோடதும்மா" என்றேன்.

பிறகு அவனே வந்தான். இரண்டு நிபந்தனை. ஒன்று, ஒரு நோட்டு. ஒவ்வொரு வேலைக்கும் ஒரு பக்கம், செய்தவன் கையெழுத்து, பார்த்தவன் கையெழுத்து. ஆயில் பாட்டில் திறந்த தேதி பாட்டில்மேலேயே டேப் ஒட்டி எழுத வேண்டும், அன்று மிஞ்சியதைக் கொட்டிவிட வேண்டும். இரண்டாவது, பிரேக்கில் யார் கை வைத்தானோ அவன்தான் முதல் மூன்று சுற்று ஓட்ட வேண்டும்.

நான் அதுவரை செப்பாங்கில் ஓட்டியதே இல்லை. பயம்தான், வேறென்ன. கண்ணாடி போட்டவன், ஹெல்மெட் சரிப்படாது என்று சாக்குச் சொல்லித் தப்பித்துக்கொண்டிருந்தேன். இந்த முறை சாக்கு எடுபடவில்லை. புது பிரேக் தட்டு, 300 டிகிரிக்கு மேல் தாங்கும் ரேஸ் ஆயில், முன் பம்பரிலிருந்து சக்கரத்துக்குக் காற்று கொண்டுவரும் குழாய், எல்லாம் என் கையாலேயே போட்டவை. முதல் சுற்று மெதுவாகப் போனேன். மூன்றாவது சுற்றில் அந்த நேர்பாதையில் முள் 160-ஐத் தொட்டது. பிரேக் பலகை 150 மீட்டர் காட்டுகிறது, நூறிலே பிடிக்கலாம் என்று சிவில் சொல்லியிருந்தான். நான் இருநூறுக்கு முன்னாலேயே மிதித்துவிட்டேன். பெடல் கல் மாதிரி நின்றது. திரும்பி வந்தபோது ட்ரிபிள் ஈ, "மாட்டு வண்டி தேவலாம்டா" என்றான். சிவில் சிரிக்கவில்லை. குனிந்து நாலு சக்கரத்தையும் ஒவ்வொன்றாகப் பார்த்தான். பிறகு ஹெல்மெட்டை வாங்கிக்கொண்டான்.

எஞ்சினை இப்போது கொஞ்சம் இறக்கி வைத்திருக்கிறோம். அதில் ட்ரிபிள் ஈக்குச் சம்மதமில்லை, இன்னும் சண்டை நடக்கிறது. எங்கள் கிளாஸில் கடைசிக்கு முந்தின இடம் வந்தாலே பெரிசு என்பது என் கணிப்பு. அடுத்த மாதப் போட்டிக்கு நோட்டில் முப்பத்தொரு பக்கம். முப்பதில் இரண்டு கையெழுத்தும் விழுந்தாச்சு. பிரேக் பக்கத்தில் என் கையெழுத்து மட்டும் இருக்கிறது. போன வாரம் காட்டியபோது, "கிளம்புற அன்னைக்குப் பார்த்துட்டுப் போடறேன்" என்றான் சிவில். அவன் இப்போது மூன்றாவது வரிசையில்தான், ரெண்டு பொண்ணுங்களோட உட்கார்ந்திருக்கிறான். இந்தக் கதையை மேடையில் சொல்லட்டுமா என்று காலையில் கேட்டேன். "பாட்டில் விஷயத்தை விடாம சொல்றதா இருந்தா சொல்லு" என்றான்.