மறுபடி உருக்கிய பிளாஸ்டிக்கும் தீப் பாதுகாப்பும்

(காதர்பேட்டையில் சிறு தொழில் செய்வோரிடையே நிகழ்த்திய சொற்பொழிவு)



2023 ஜூன் மாதத்தில் ஓரிரவு, இக்காதர்பேட்டையின் பனியன் கடைகளில் தீப்பற்றி ஏறத்தாழ 50 கடைகள் எரிந்து போயின. பல குடும்பங்களின் கைம்முதல் ஒரே இரவில் சாம்பலாயிற்று. கடை என்றால் துணி மட்டுமன்று. பாலிதீன் உறை, கூரைத் தாள், ஒயர்க் குழாய் ஆகியனவும் உள. ஆதலின், சுற்றுக் கிராமங்களில் கழிவுப் பிளாஸ்டிக்கை உருக்கிக் குருணையாக்கும் நீங்கள், தீயைப் பற்றியும் எண்ணுதல் கடமையாகும்.

பாலிதீனும் மண்ணெண்ணெயைப் போலக் கார்பனும் ஹைட்ரஜனும் சேர்ந்த பொருளே. காற்றில் பிராணவாயு 21 சதவிகிதம் உண்டு. பாலிதீன் எரிவதற்கு 18 சதவிகிதமே போதும். அன்றியும், அது உருகிச் சொட்டித் தீயைக் கீழேயும் பரப்பும்.

இதற்குப் பரிகாரம் யாது? அலுமினியம் ஹைட்ராக்சைடு என்னும் வெண்பொடியைக் கலக்கலாம். 200 டிகிரி அளவில் அது சிதைந்து நீராவியை வெளியிடும். எரியும் பொருளே தன்மீது நீர் தெளித்துக் கொள்வது போலாம். பாலிப்ரொப்பிலீனை உருக்கி வார்க்க அதனினும் மிகுந்த வெப்பம் வேண்டுமாதலால், 300 டிகிரி வரை தாங்கும் மக்னீசியம் ஹைட்ராக்சைடே அதற்கு ஏற்றது. அதற்கு மூலப்பொருளாகத்தக்க மாக்னசைட் நம் சேலத்திலேயே கிடைக்கின்றது.

ஆயினும் ஒரு குறையுண்டு. எடையில் பாதிக்கு மேல் சேர்த்தாலன்றி இப்பொடிகள் நற்பயன் தாரா. அவ்வளவு சேர்த்தால் பொருள் கனத்து, எளிதில் முறியும். முன்னமே வலுக் குறைந்த மறு பிளாஸ்டிக்கில் இது மேலும் மிகும். ஆகவே மெல்லிய பைகளுக்கு இம்முறை உதவாது. தடித்த பலகைக்கும் ஒயர்க் குழாய்க்குமே பொருந்தும்.

மற்றோர் எச்சரிக்கை. பழைய தொலைக்காட்சிப் பெட்டி, கணிப்பொறி ஆகியவற்றின் கூடுகளில் புரோமின் கலந்த மருந்து இருத்தல் கூடும். எளிதில் தீப்பற்றாது என்றெண்ணி அவற்றைக் குருணையில் கலத்தல் தகாது. அம்மருந்துகளுள் ஒன்றான டெக்காபுரோமோடைஃபீனைல் ஈதர், ஒழிக்கத்தக்க நச்சுப் பொருளென 2017இல் ஸ்டாக்ஹோம் உடன்படிக்கையில் சேர்க்கப்பட்டது. இத்தகைய கூடுகள் உருமாறிக் குழந்தைகளின் பொம்மையில் புகுந்ததைப் பிற நாடுகளில் கண்டறிந்துள்ளனர். ஒரு தீமையை விலக்க வேறொரு தீமையை வீட்டிற்குள் விடலாமா?

தீயைத் தாங்கும் பிளாஸ்டிக் எரியாத பிளாஸ்டிக் அன்று. அது நமக்குச் சில நிமிட அவகாசம் அளிப்பது. அந்நிமிடங்களில் மக்கள் வெளியேற வழி வேண்டும். எனவே கழிவை வகை பிரித்து உருக்குங்கள். சோதித்து விற்பனை செய்யுங்கள். கடைச் சந்துகளில் பண்டல்களை அடுக்கி வழியை அடைக்காதீர்கள். தொழிலும் வாழும், உயிரும் வாழும்.