சேமிக்கும்வரை எண் கிடையாது

இணையத்தில் ஒரு படிவத்தை நிரப்பிப் பொத்தானை அழுத்துகிறோம். நிரப்பிய பெயரும் ஊரும் அந்தக் கணத்தில் எங்கே இருக்கின்றன? சர்வரின் நினைவகத்தில் மட்டும் இருக்கலாம். தரவுத்தளத்தில் ஏறியும் இருக்கலாம். நினைவகத்தில் மட்டும் இருந்தால், அந்த வேலை முடிந்ததும் அழிந்துபோகும். இந்த இரண்டு இடங்களுக்கும் நடுவில் உள்ள ஒரே ஒரு படியைப் பற்றியதுதான் இன்றைய உரை.

இணையதளங்களைக் கட்டுவோர் பரவலாகப் பயன்படுத்தும் ஜாங்கோ என்ற கட்டமைப்பு, அமெரிக்காவின் கான்சஸ் மாநிலத்தில் லாரன்ஸ் என்ற ஊரின் நாளிதழ் அலுவலகத்தில் பிறந்தது. அங்கே வேலை பார்த்த ஏட்ரியன் ஹோலோவாட்டியும் சைமன் வில்லிசனும் 2003-இல் அதைத் தொடங்கினார்கள். செய்தி அறையின் அவசரத்துக்கு ஈடுகொடுக்க வேண்டியிருந்தது. 2005 ஜூலையில் அது எல்லோருக்கும் இலவசமாகக் கிடைத்தது.

ஜாங்கோவில் ஒரு நூலாசிரியரைப் பதிவுசெய்ய இரண்டு வரி போதும். முதல் வரியில் 'ஆசிரியர்' என்ற ஆப்ஜெக்ட் நினைவகத்தில் உருவாகிறது. அதற்குப் பெயர் உண்டு, எண் கிடையாது. இரண்டாவது வரி 'சேவ்'. அது ஓடிய பிறகுதான் தரவுத்தள அட்டவணையில் ஒரு வரிசை சேர்கிறது, அடையாள எண்ணும் கிடைக்கிறது. கிரயப் பத்திரத்தை எழுதி முடித்தாலும், சார்பதிவாளர் அலுவலகத்தில் பதிவான பிறகே ஆவண எண் கிடைப்பதைப் போன்றது இது.

எண்ணை முன்கூட்டியே கொடுத்துவிட்டால் என்ன? ஒரே நேரத்தில் பல சர்வர்கள் ஒரே தளத்துக்காக வேலை செய்யும். ஒவ்வொன்றும் தானாகவே 'அடுத்த எண் 501' என்று முடிவுசெய்தால் ஒரே எண் பலருக்குப் போய்விடும். வழக்கமான ஏற்பாட்டில், வரிசை எண்ணைத் தவறாமல் வழங்கும் பொறுப்பு தரவுத்தளத்திடமே இருக்கிறது.

சிக்கல் எங்கே வந்தது என்றால், ஒன்றோடொன்று தொடர்புடைய ஆப்ஜெக்ட்களில். ஆசிரியரை உருவாக்குகிறார் நிரலாளர், சேமிக்கவில்லை. புத்தகம் ஒன்றை உருவாக்கி, 'இதன் ஆசிரியர் இவர்' என்று இணைக்கிறார். பிறகு ஆசிரியரைச் சேமிக்கிறார், அதன்பின் புத்தகத்தையும் சேமிக்கிறார். படிப்பவருக்கு எல்லாம் சரியாகத்தான் தெரியும். ஆனால் இணைத்த நேரத்தில் ஆசிரியருக்கு எண் இல்லை. பழைய ஜாங்கோவில், ஆசிரியர் இடம் காலியாக இருக்க அனுமதி இருந்தால், புத்தகம் ஆசிரியர் இல்லாமலேயே சேமிக்கப்பட்டது. பிழைச் செய்தி எதுவும் வரவில்லை. தகவல் தொலைவதைவிட, தொலைந்தது யாருக்கும் தெரியாமல் போவதுதான் பெரிய ஆபத்து.

2015-இல் வந்த 1.8 பதிப்பு இதற்குக் கடிவாளம் போட்டது. சேமிக்காத ஒன்றை இன்னொன்றோடு இணைத்தாலே பிழை என்று தடுத்தது. அது சற்று அதிகமாகிவிட்டது. ஆப்ஜெக்ட்களை நினைவகத்தில் மட்டும் வைத்துச் சோதிப்பவர்களின் கை கட்டப்பட்டது. எனவே 1.8.4 பதிப்பில் அந்தத் தடையைச் சேமிக்கும் நேரத்துக்கு நகர்த்தினார்கள். இணைக்கலாம், ஆனால் ஆசிரியரைச் சேமிக்காமல் புத்தகத்தைச் சேமிக்க முயன்றால் தடை. தன் முடிவை விரைவிலேயே திருத்திக்கொண்டது ஜாங்கோ குழுவின் பெரிய பலம்.

ரூபி ஆன் ரெயில்ஸ் என்ற இன்னொரு கட்டமைப்பு வேறு வழியில் போகிறது. அங்கே 'சேவ்' முதலில் தகவலைச் சரிபார்க்கும். தவறிருந்தால் 'இல்லை' என்று பதில் தந்துவிட்டு நின்றுகொள்ளும். அந்தப் பதிலை நிரலாளர் கவனிக்காவிட்டால் வேலை முடிந்ததாகவே தோன்றும். அதனால் ஆச்சரியக்குறி சேர்த்த இன்னொரு 'சேவ்' உண்டு. அது தவறைக் கண்டதும் பிழையெழுப்பி ஓட்டத்தையே நிறுத்தும். முக்கியமான தகவலுக்கு இரண்டாவதே தகுந்தது. ஜாங்கோவின் 'சேவ்' அந்தச் சரிபார்ப்பைத் தானாகச் செய்யாது. படிவத்தின் வழியாகவோ தனியாகவோ அதைக் கேட்டுப் பெற வேண்டும்.

இன்னொரு சிக்கலும் உண்டு. கடை ஆர்டர் ஒன்றில் ஆர்டரும் அதிலுள்ள பொருள்களும் தனித்தனி வரிசைகளாகச் சேமிக்கப்படுகின்றன. பாதியில் பிழை வந்தால், பொருள் இல்லாத ஆர்டர் தங்கிவிடும். 2013-இல் வந்த ஜாங்கோ 1.6 பதிப்பின் 'அட்டாமிக்' வசதிக்குள் எழுதினால், எல்லாம் சேரும் அல்லது எதுவுமே சேராது. வாடிக்கையாளருக்குப் போகும் மின்னஞ்சலை 'ஆன் கமிட்' என்ற வசதியிடம் ஒப்படைத்துவிட்டால், தரவுத்தளம் மொத்தத்தையும் உறுதிசெய்த பிறகே அது கிளம்பும்.