இரும்புக்குப் பக்கத்தில் ஓர் எண்

இரத்தசோகைக்குத் தரும் இரும்புச்சத்து மாத்திரை அட்டையைத் திருப்பிப் பாருங்கள். பல அட்டைகளில் ‘ஃபெரஸ் சல்ஃபேட்’ என்றிருக்கும். நாட்டு மருந்துக் கடையில் அன்னபேதி என்று கேட்டால் தருவதும் இதே உப்பைத்தான். பள்ளிப் பாடத்தில் இதன் பெயர் இரும்பு இரண்டு சல்ஃபேட். எழுதும்போது அந்த இரண்டை ரோமன் எண்ணாக அடைப்புக்குறிக்குள் போடுவார்கள்.

சோடியத்துக்கு இந்த எண் வேண்டாம். எந்த உப்பில் இருந்தாலும் அதன் மின்சுமை பிளஸ் ஒன்றுதான். இடைநிலை உலோகங்கள் பெரும்பாலும் அப்படி இல்லை. இரும்பு ஒரு சேர்மத்தில் இரண்டு எலக்ட்ரான்களை இழக்கும், இன்னொன்றில் மூன்றை இழக்கும். வெறுமனே இரும்பு குளோரைடு என்று சொன்னால் எதைச் சொல்கிறோம் என்றே தெரியாது.

முன்பெல்லாம் குறைந்த சுமைக்கு, இரும்பென்றால் ஃபெரஸ், செம்பென்றால் குப்ரஸ். கூடிய சுமைக்கு ஃபெரிக், குப்ரிக். ஆனால் ஃபெரஸ் என்றால் இரண்டு, குப்ரஸ் என்றால் ஒன்று! இதை மனப்பாடம்தான் செய்ய வேண்டும். மாங்கனீசுக்கோ சுமைநிலைகள் பல. இரண்டு விகுதிகள் எப்படிப் போதும்? 1919இல் ஜெர்மன் வேதியியலாளர் ஆல்ஃபிரட் ஸ்டாக், சுமையையே எண்ணாக எழுதிவிடலாம் என்றார். எனக்கு மிகவும் பிடித்த சீர்திருத்தம் இது.

பிள்ளைகள் இடறும் இடம் ஒன்று உண்டு. துருவில் உள்ள ஆக்சைடில் இரண்டு இரும்புக்கு மூன்று ஆக்சிஜன். உடனே ‘இரும்பு இரண்டு ஆக்சைடு’ என்று எழுதிவிடுகிறார்கள். பொறுங்கள். ஆக்சைடு ஒன்றுக்கு மைனஸ் இரண்டு, மூன்றுக்கு மைனஸ் ஆறு. அதை ஈடுகட்ட இரண்டு இரும்பும் சேர்ந்து பிளஸ் ஆறு தர வேண்டும், ஆளுக்கு மூன்று. ஆகவே இரும்பு மூன்று ஆக்சைடு. அந்த எண் அணுக்களின் எண்ணிக்கையைக் குறிப்பதில்லை. ஓர் அணுவின் சுமையைக் குறிக்கிறது. துத்தநாகமும் வெள்ளியும் வழக்கமாக ஒரே சுமையில் நிற்பதால் அவற்றுக்கு எண் போடுவதில்லை.

பாதரசத்தில் இந்த எண் உயிர்ப் பிரச்சினை. பாதரசம் ஒன்று குளோரைடு, சித்த மருத்துவர்கள் பூரம் என்பது, நீரில் அநேகமாகக் கரையாது. மேல்நாட்டில் அதைப் பேதி மருந்தாகவே வெகுகாலம் கொடுத்தார்கள், அதுவும் நஞ்சுதான். பாதரசம் இரண்டு குளோரைடு, அதாவது வீரம், நீரில் கரையும் கொடிய விஷம். ஸ்டாக்கே ஆய்வகத்துப் பாதரச ஆவியால் பல ஆண்டுகள் நோயுற்று, 1926இல் அதன் ஆபத்தை எழுதி எச்சரித்தார்.

மாணவர்களே, ஆய்வகத்தில் புட்டியைத் திறக்கும் முன் லேபிளில் உள்ள அந்த ரோமன் எண்ணையும் சேர்த்துப் படியுங்கள்.