வேலைக்குத் திரும்பும் தாயும் கிண்ணத்துப் பாலும்

மகப்பேற்று விடுமுறை முடிந்து கந்தோருக்குத் திரும்பவிருக்கும் தாய்மார் சிலர், "எனக்குப் பால் போதாது, இனிப் பால்மாதான்" என்று கூறக் கேட்கிறோம். முதல்நாள் கையாற் பிழிந்து பார்த்தபோது கிண்ணத்தின் அடி மட்டுமே நனைந்ததாம். தாய்மாரே, அதைக் கொண்டு உங்கள் பாலை அளவிடாதீர்கள். குழந்தையின் வாய்க்குச் சுரப்பதுபோலக் கைக்கு உடனே சுரப்பதில்லை. பழகச் சில நாட்கள் செல்லும். இரண்டு வாரம் முன்னரே தொடங்குதல் நன்று.

கைகளைச் சவர்க்காரமிட்டுக் கழுவி, மார்பை மெல்ல வருடுங்கள். காம்பைச் சூழ்ந்த கருவட்டத்தின் விளிம்பிலே பெருவிரலையும் சுட்டுவிரலையும் எதிரெதிராக வைத்து, முதலில் நெஞ்சை நோக்கி அழுத்தி, பின்னர் இரு விரல்களையும் சேர்த்து அமுக்கி விடுங்கள். காம்பை இழுத்தலாகாது. சிறிது நேரம் ஒன்றும் வாராது. பின்பு துளிக்கும், பீறிடவுங்கூடும். மார்பிலே தேங்கும் பால் சுரப்பைக் குறைக்கும். எடுக்க எடுக்கவே ஊறும். ஆகையால் வேலைத்தலத்திலும் ஏறக்குறைய 3 மணித்தியாலத்துக்கு ஒருமுறை எடுத்தல் வேண்டும். அதற்கொரு மறைவான அறை கேட்பது சலுகை வேண்டுவதன்று.

எடுத்த பால் 25 பாகை செல்சியசுக்கு மேற்படாத அறையில் 4 மணித்தியாலம் இருக்கும். நம் நாட்டுப் பகல் வெப்பத்தில் அதனை நம்பலாகாது. குளிர்சாதனப் பெட்டியில் 4 நாள் வரை வைக்கலாம். மேலே ஆடைபோலப் பிரிந்து நின்றால், பழுதாயிற்றென்று ஆச்சிமார் ஊற்றிவிடுவதுண்டு. அது கொழுப்பு மிதப்பதே. மெல்ல அசைத்தாற் கலந்துவிடும். கொதிக்க வைக்காமல், சுடுநீர்ப் பாத்திரத்தில் வைத்து இளஞ்சூடாக்குங்கள். குழந்தையை நிமிர்த்தி வைத்துச் சிறு கிண்ணத்தின் விளிம்பை உதட்டிலே தொடவிடுங்கள். வாய்க்குள் ஊற்ற வேண்டாம், பிள்ளை தானே நக்கிக் குடிக்கும்.