கால் ஊன்றும் காலம்

(ஆண்டு விழாச் சொற்பொழிவு)



சிறு துளை வழியே கருவியைச் செலுத்தி இடுப்பு மூட்டினுள் காணும் முறையை, 1931-இல் நியூயார்க்கில் பர்மன் என்னும் மருத்துவர் இறந்தோர் உடல்களில் ஆய்ந்தார். 1939-இல் ஜப்பானியராகிய தக்காகி, நோயாளரிடம் அதனைக் கையாண்ட செய்தியை வெளியிட்டார். இன்று மூட்டுக் கிண்ணத்தின் கிழிந்த விளிம்புக் குருத்தைத் தைப்பதும், மிகுந்து வளர்ந்த எலும்பைச் செதுக்குவதும் இத்துளைகள் வழியாகவே நடைபெறுகின்றன.

புண் சிறிது; ஆதலின் சிகிச்சையும் சிறிதென எண்ணிவிடுகிறோம். இடர் அங்கேதான் தொடங்குகிறது. தோல் விரைவில் ஆறும். உள்ளே தைத்த குருத்து ஒட்டப் பல வாரங்கள் வேண்டும். செதுக்கிய தொடை எலும்புக் கழுத்து, முழுப் பாரத்தை முன்னதாகவே ஏற்றால், அரிதாகவேனும் முறியக்கூடும்.

இயல்பாக நடக்கையில் இடுப்பு மூட்டு தாங்குவது உடல் எடையின் ஏறத்தாழ இரண்டரை மடங்கு என அளந்திருக்கிறார்கள். 60 கிலோ எடையுள்ளவருக்கு அது 150 கிலோச் சுமை! ஆகவேதான் குருத்தைத் தைத்தவருக்குப் பெரும்பாலும் 2 முதல் 4 வாரமும், எலும்பில் நுண்துளை இட்டவருக்கு 6 முதல் 8 வாரமும் ஊன்றுகோல் விதிக்கிறார்கள். சிகிச்சை செய்த மருத்துவர் சொல்லும் கணக்கே முடிவானது.

காலை அந்தரத்தில் தூக்கிப் பிடித்தல் நலமென்று கருதற்க. தசைகள் இறுகி மூட்டை அழுத்தும். பாதம் முழுதும் தரையில் படிய, சுமார் 10 கிலோப் பாரம் மட்டும் வைப்பது பொதுவான முறை. எடைப் பொறியின் மேல் பாதத்தை வைத்து, முள் 10-ஐத் தொடும் அழுத்தத்தைப் பழகலாம். படி ஏறுகையில் நல்ல கால் முதலில். இறங்குகையில் ஊன்றுகோலும் சிகிச்சை பெற்ற காலும் முதலில். சப்பணமிடுதலும் குந்துதலும் மருத்துவர் இசையும்வரை ஆகா. கெண்டைக்கால் வீங்கி வலித்தாலும், காய்ச்சல் கண்டாலும் உடனே மருத்துவரிடம் செல்க.

தாராவியின் செங்குத்தான இரும்பு ஏணியும், மாதுங்காவின் மின்தூக்கியில்லாப் பழைய மாடியும், ரயில் நெரிசலும் நாம் அறியாதவை அல்ல. இயலுமாயின் அவ்வாரங்களில் கீழ்த்தளத்து உறவினர் வீட்டில் தங்குதல் நன்று.

நாட்கூலி இழந்தால் அடுப்பெரியாதென்று விரைந்து நடப்பவரை எவர் குறை கூறுவார்? அவர் பொறுக்க வேண்டுமாயின், அண்டை அயலார் துணை நிற்க வேண்டும். அவர் ஊன்றுகோலைப் பிடித்திருக்கும் வாரங்களில் தண்ணீர்க் குடத்தை நாம் தூக்குவோம். அவர் பிள்ளையை நாம் பள்ளியில் விடுவோம். நம் சங்கத்தார் செய்யத்தக்க பணி இது.