காவலும் காரணமும்

பிழைப்பை நாடி அயல்நாடு சென்ற ஒருவன் விசாரணையின்றிக் கொலையுண்ட வரலாற்றையே நம் முதற் காப்பியமாகிய சிலப்பதிகாரம் பாடுகிறது. சோழ நாட்டுப் புகாரிலிருந்து பாண்டி நாட்டு மதுரைக்குச் சென்ற கோவலனைக் காவலர் வளைத்துக்கொண்டபோது, அவன்மேல் சுமத்தப்பட்ட குற்றம் இன்னதென்று அவனிடம் எவரும் எடுத்துரைக்கவில்லை. அவன் பொருட்டு வாதாட ஒருவரும் இல்லை. ஆயர்சேரியிலிருந்த கண்ணகிக்குச் செய்தி சொல்லி அனுப்பியவரும் இல்லை. நடந்ததைப் பிறர் வாய்மொழியாலேயே அவள் அறிந்தாள். சிலம்பை உடைத்துப் பரல் இன்னதென்று பார்த்த விசாரணையோ, தண்டனை நிறைவேறிய பின்னரே நிகழ்ந்தது.

அக்கதையில் இல்லாமற்போனவை நான்கு: கைதுக்குரிய காரணம், துணை நிற்கும் வக்கீல், உற்றாருக்குச் செய்தி, காலந்தாழ்த்தாமல் நீதிபதியின் முன் நிறுத்துதல். இந்நான்கையும் நம் அரசியல் சட்டமும், அதன் வழிவந்த சட்டங்களும் தீர்ப்புகளும் இன்று இந்நாட்டிலுள்ள ஒவ்வொருவருக்கும் உறுதி செய்திருக்கின்றன. தாராவியிலும் கரோல்பாகிலும் பெங்களூரிலும் கல்கத்தாவிலும் குடியேறியிருக்கும் நமக்கும், நாமக்கல்லிலிருந்து லாரியோடு புறப்பட்டு ஐந்தாறு மாநிலங்களைக் கடந்து செல்லும் நம் ஓட்டுநர்களுக்கும் இவை எவ்வாறு பயன்படும் என்பதே இன்று நாம் ஆராயப் புகும் பொருள்.

கைதும் சோதனையும் அரசின் கையில் வரம்பின்றி இருந்தால் என்ன நேரும் என்பதை நம் தேசம் அனுபவத்தால் அறிந்திருக்கிறது. 1919-ஆம் ஆண்டின் ரௌலட் சட்டம், விசாரணையின்றிக் காவலில் வைக்கவும், வாரண்டின்றிக் கைது செய்யவும், வீடு புகுந்து சோதனையிடவும் அன்றைய ஆட்சிக்கு இடங்கொடுத்தது. அதை எதிர்த்து நாடெங்கும் ஹர்த்தால் நடத்தும் எண்ணம், சென்னையில் ராஜாஜியின் விருந்தினராகத் தங்கியிருந்த நாட்களில் தமக்கு உதித்ததாகக் காந்தியடிகள் தம் சுயசரிதையில் எழுதியிருக்கிறார். பின்னர் அரசியல் நிர்ணய சபையில் அமர்ந்தவர்களில் பலர் சிறைவாசம் அனுபவித்தவர்கள். ஆயினும் சுதந்திரத்தைப் பறிக்கும் நடைமுறை நேர்மையானதா என்று ஆராயும் உரிமையை நீதிமன்றங்களுக்குத் தெளிவாக அளிக்கும் வாசகம், அச்சபையில் நெடுவிவாதத்துக்குப் பின் கைவிடப்பட்டது. ‘சட்டம் வகுத்த நடைமுறை’ என்னும் சொற்களே 21-ஆவது ஷரத்தில் இடம்பெற்றன. இதனால் எழுந்த மனக்குறைக்கு ஓரளவு ஈடு செய்யும் பொருட்டு 1949 செப்டம்பரில் டாக்டர் அம்பேத்கர் கொணர்ந்த பகுதியே இன்றைய 22-ஆவது ஷரத்து ஆகும்.

அந்த ஷரத்து மூன்று கட்டளைகளை இடுகிறது. கைது செய்யப்பட்டவருக்குக் காரணத்தைக் கூடிய விரைவில் அறிவிக்க வேண்டும். தாம் விரும்பும் வக்கீலைக் கலந்து ஆலோசிக்கவும், அவரைக்கொண்டு வாதாடவும் அவருக்குள்ள உரிமையை மறுத்தலாகாது. பிரயாணத்துக்கு வேண்டிய நேரம் நீங்கலாக, 24 மணி நேரத்துக்குள் அவரை அருகிலுள்ள மாஜிஸ்திரேட்டின் முன் நிறுத்த வேண்டும். இவ்வுரிமைகளை அரசியல் சட்டம் அவ்வூர்க்காரருக்கென்றோ அம்மொழி பேசுவோருக்கென்றோ கூறவில்லை. கைதாகும் எவருக்கும் என்றே கூறுகிறது. வாக்காளர் பட்டியலில் நம் பெயர் எந்த ஊரில் இருக்கிறது என்ற கேள்விக்கு இங்கே இடமே இல்லை.

இம்மூன்றனுள் முதலாவதே மற்றவற்றுக்கு வேர். காரணம் தெரியாதவன் வக்கீலிடம் எதைச் சொல்வான்? மாஜிஸ்திரேட்டு ஜாமீனைப் பற்றிக் கேட்கும்போது எதை மறுப்பான்? காரணத்தை அறிவிப்பது என்றால், கேட்பவனுக்கு விளங்கும்படி அறிவிப்பதே அன்றோ? தாய்மொழி வழங்காத ஊரில் வாழும் நமக்கு இக்கேள்வி எல்லாவற்றினும் முக்கியமானது.

இதற்கு விடை கூறிய பழைய தீர்ப்பு ஒன்று உண்டு. மகாராஷ்டிரத்தில் தடுப்புக் காவலில் வைக்கப்பட்ட ஹரிகிஷன் என்பவருக்கு, அதற்கான காரணங்கள் ஆங்கிலத்தில் எழுதித் தரப்பட்டன. அவருக்கு ஆங்கிலம் தெரியாது. ஹிந்தியில் வேண்டும் என்று கேட்டார். போலீஸ் அதிகாரி வாய்மொழியாக விளக்கிவிட்டார், அது போதும் என்பது அரசின் வாதம். சுப்ரீம் கோர்ட்டின் அரசியல் சட்ட பெஞ்சு 1962-ஆம் ஆண்டில் இவ்வாதத்தை ஏற்க மறுத்து அவரை விடுதலை செய்தது. விளங்காத மொழியில் தரப்பட்ட தாள் அறிவிப்பாகாது என்னும் நியாயம் அன்றே நிலைநாட்டப்பட்டது.

ஆயினும் அது தடுப்புக் காவலைப் பற்றிய வழக்கு. சாதாரணக் கைதுகளில், காரணத்தை வாயால் சொல்லிவிட்டோம் என்று ஏட்டில் எழுதி வைப்பதே நெடுங்காலம் வழக்கமாக இருந்தது. சொன்னார்களா, என்ன சொன்னார்கள், எம்மொழியில் சொன்னார்கள் என்பதற்கெல்லாம் சாட்சி இராது. இந்நிலை அண்மை ஆண்டுகளில்தான் மாறியது. கறுப்புப் பணத்தை வெள்ளையாக்கும் குற்றம் பற்றிய சட்டத்தின்கீழ் நிகழும் கைதுகளில் காரணத்தை எழுத்து மூலமாகத் தர வேண்டும் என்று 2023-இலும், சட்டவிரோத நடவடிக்கைத் தடுப்புச் சட்டத்துக்கும் அதுவே விதி என்று 2024-இலும் சுப்ரீம் கோர்ட்டு கூறியது. முடிவில் 2025 நவம்பர் 6-ஆம் தேதியன்று, எக்குற்றமாயினும் காரணத்தை எழுத்தில், கைதானவர் அறிந்த மொழியில் தர வேண்டும் என்று தீர்ப்பளித்தது. உடனே எழுதித் தர இயலாத நிலையில் முதலில் வாயால் கூறலாம்; ஆனால் காவல் நீட்டிப்புக்காக மாஜிஸ்திரேட்டின் முன் நிறுத்துவதற்குக் குறைந்தது 2 மணி நேரம் முன்னதாக எழுத்துப் பிரதி கைக்கு வந்தாக வேண்டும். இதைச் செய்யாவிடில் கைதும், அதன்மேல் இட்ட காவல் உத்தரவும் சட்டவிரோதமாகும். தமிழ் மட்டும் அறிந்த ஒருவர் சூரத்திலோ லக்னோவிலோ கைதானால், தமிழில் எழுதிய காரணத்தைக் கேட்க அவருக்கு உரிமை உண்டு என்பதே இதன் பொருள்.

இனி, கைது நிகழும் முறையைக் காண்போம். மேற்கு வங்காளத்தில் சட்ட உதவிப் பணியில் இருந்த டி. கே. பாசு, போலீஸ் காவலில் நிகழ்ந்த மரணங்களைப் பற்றிய பத்திரிகைச் செய்திகளைக் குறிப்பிட்டு 1986-ஆம் ஆண்டில் எழுதிய கடிதத்தைச் சுப்ரீம் கோர்ட்டு வழக்காக ஏற்றது. 1996 டிசம்பரில் அவ்வழக்கில் 11 நிபந்தனைகளை விதித்தது. அவற்றின் சாரம் பின்னர் சட்டத்திலும் புகுந்தது. 2024 ஜூலை 1 முதல் பழைய குற்றவியல் நடைமுறைச் சட்டத்தின் இடத்தில் நடைமுறையிலுள்ள பாரதிய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதாவிலும் அது தொடர்கிறது.

அதன்படி, கைது செய்யும் அதிகாரி தம் பெயர் தெளிவாகத் தெரியும்படி அணிந்திருக்க வேண்டும். கைதுக் குறிப்பு ஒன்றை எழுதி, குடும்பத்தினர் ஒருவரையோ அவ்வூரில் மதிப்புள்ள ஒருவரையோ சாட்சியாகக் கையொப்பமிடச் செய்ய வேண்டும். உறவினர், நண்பர், அல்லது கைதானவர் குறிப்பிடும் ஒருவருக்குக் கைதையும், வைக்கப்பட்டிருக்கும் இடத்தையும் உடனே தெரிவிக்க வேண்டும். வைத்தியப் பரிசோதனை செய்விக்க வேண்டும். ஒரு மாவட்டத்தின் பிடிவாரண்டை வேறு மாவட்டத்தில் நிறைவேற்றினால், கைதானவர் வழக்கமாக வசிக்கும் மாவட்டத்தின் அதிகாரிக்கும் செய்தி போக வேண்டும் என்பது புதிய சட்டம் சேர்த்திருக்கும் நல்ல விதி. பெண்களைச் சூரியன் மறைந்த பின்னும் உதிக்கும் முன்னும் கைது செய்தலாகாது. தவிர்க்க இயலாத அசாதாரண நிலையில் மாஜிஸ்திரேட்டின் முன் அனுமதியைப் பெற்று, பெண் அதிகாரியே செய்ய வேண்டும்.

கைது செய்ய அதிகாரம் இருக்கிறது என்பதாலேயே கைது செய்தல் நியாயமாகிவிடாது என்பதை ஜோகிந்தர் குமார் வழக்கில் 1994-இலும், அர்னேஷ் குமார் வழக்கில் 2014-இலும் சுப்ரீம் கோர்ட்டு வற்புறுத்தியது. 7 ஆண்டு வரை சிறைத்தண்டனை விதிக்கத்தக்க குற்றங்களில், அவசியத்தை எழுத்தில் காட்டாமல் கைது செய்தலாகாது. அவசியமில்லாத இடத்தில், நேரில் வருமாறு நோட்டீசு அனுப்புவதே முறை. அந்நோட்டீசைப் பெற்ற நாமும் தவறாது ஆஜராக வேண்டும். ஊருக்குப் போய்விட்டால் விஷயம் ஓய்ந்துவிடும் என்று எண்ணி ரயிலேறுவது, அவசியமில்லாதிருந்த கைதை அவசியமாக்கிவிடும்.

சோதனையைப் பொறுத்தமட்டில் அரசியல் சட்டத்தின் வாசகம் அவ்வளவு வெளிப்படையானதன்று. அமெரிக்க அரசியல் சட்டத்தின் நான்காவது திருத்தம், நியாயமற்ற சோதனையையும் கைப்பற்றலையும் பெயர் சொல்லியே தடுக்கிறது. நம் அரசியல் சட்டத்தில் அத்தகைய ஷரத்து இல்லை என்பதை எட்டு நீதிபதிகள் கொண்ட பெஞ்சு 1954-ஆம் ஆண்டில் எம். பி. சர்மா வழக்கில் சுட்டிக்காட்டியது. கர்நாடகத்தைச் சேர்ந்த ஓய்வுபெற்ற நீதிபதி புட்டசாமி தொடுத்த வழக்கில், 2017 ஆகஸ்டு 24-இல் ஒன்பது நீதிபதிகள் ஒருமனதாக அந்தரங்க உரிமை அடிப்படை உரிமையே என்று தீர்ப்புக் கூறி, அதற்கு முரணான பழைய கருத்தை நீக்கினர். எனவே இன்று வீட்டுக்குள் புகும் அதிகாரத்துக்குச் சட்டத்தின் ஆதாரமும், தக்க நோக்கமும், அந்நோக்கத்தின் அளவுக்கு மிஞ்சாத நடத்தையும் வேண்டும்.

சட்டம் வகுத்துள்ள முறை வருமாறு. வாரண்டின்றிச் சோதனையிடும் அதிகாரி, அதற்கான காரணத்தை முன்னதாக எழுதி வைக்க வேண்டும். அதன் பிரதி 48 மணி நேரத்துக்குள் மாஜிஸ்திரேட்டுக்குச் சேர வேண்டும். வீட்டுக்காரர் விண்ணப்பித்தால் கட்டணமின்றிப் பிரதி பெறலாம். சோதனையின்போது அவ்விடத்தைச் சேர்ந்த, சார்பற்ற, மதிப்புள்ள இருவரேனும் சாட்சிகளாக நிற்க வேண்டும். வீட்டில் குடியிருப்பவர் உடனிருக்கலாம். கைப்பற்றிய பொருள்களின் பட்டியலைச் சாட்சிகளின் கையொப்பத்தோடு அங்கேயே எழுதி, அதன் பிரதியை அவருக்குத் தர வேண்டும். நம் ஊரில் மகஜர் என்று வழங்கும் இதுவே மகாராஷ்டிரத்தில் பஞ்சநாமா எனப்படுகிறது. சோதனை முழுவதையும் ஒலி, ஒளிப் பதிவு செய்து மாஜிஸ்திரேட்டுக்குத் தாமதமின்றி அனுப்புவதையும் புதிய சட்டம் கட்டாயமாக்கியிருக்கிறது.

இக்காப்புகளுக்கு எல்லையும் உண்டு. அதை மறைத்துப் பேசுவது நேயர்களுக்கு நன்மையாகாது. சோதனை முறைதவறி நடந்தது என்னும் ஒரே காரணத்தால், அதில் அகப்பட்ட பொருள் சாட்சியமாகாமற் போவதில்லை என்று 1973-இல் பூரண்மல் வழக்கில் சுப்ரீம் கோர்ட்டு கூறியிருக்கிறது. தடுப்புக் காவலில் வைக்கப்பட்டவருக்கு 24 மணி நேர விதி பொருந்தாது. ஆலோசனைக் குழுவின் கருத்தின்றி மூன்று மாதம் வரை அவரை வைத்திருக்கலாம். சென்னை ராஜ்யத்தில் காவலில் இருந்த ஏ. கே. கோபாலன் 1950-ஆம் ஆண்டிலேயே இதை எதிர்த்து வழக்காடியும் வெற்றி பெறவில்லை. 1976-இல், நெருக்கடி நிலைக் காலத்தில், காவலை ஆராயும் ஆட்கொணர்வு மனுவுக்கே கதவு அடைக்கப்பட்டது. 1978-இல் நிறைவேறிய 44-ஆவது திருத்தம், நெருக்கடி நிலையிலும் 20, 21-ஆவது ஷரத்துகளை நிறுத்திவைக்க முடியாதபடி செய்தது. எழுத்தில் உள்ள உரிமை, கேட்பார் இல்லாத இடத்தில் ஊமையாகிவிடும் என்பதற்கு இவ்வரலாறே சான்று.

ஆதலின் நாம் செய்யத்தக்கவை சில உண்டு. முதலாவது, போலீசாரை எதிர்த்து மல்லுக்கு நிற்றலோ ஓடுதலோ கூடாது. சட்டத்தின் துணையை நாடுகிறவன் தானும் சட்டத்துக்குள் நிற்க வேண்டும். இரண்டாவது, காரணத்தை எழுத்தில், தமிழில் தருமாறு அமைதியாகக் கேட்க வேண்டும். தராவிடில் மாஜிஸ்திரேட்டிடம் முதல் வார்த்தையாக அதையே சொல்ல வேண்டும். மூன்றாவது, படிக்கத் தெரியாத எழுத்தில் உள்ள தாளில் கண்ணை மூடிக்கொண்டு கையொப்பம் இடலாகாது. விசாரணையில் போலீசாரிடம் கூறும் வாக்குமூலத்தில் அதைக் கூறியவர் கையொப்பம் இடலாகாது என்பது சட்டத்தின் விதி. கைதுக் குறிப்பில் கையொப்பம் கேட்பது முறையே. ஆனால் அதன் பொருள் விளங்கவில்லையாயின், ‘எனக்குப் படித்துக் காட்டப்படவில்லை’ என்று தமிழில் எழுதி, அதன்கீழ் கையொப்பமிடலாம். தனக்கு எதிராகத் தானே சாட்சி கூறும்படி எவரையும் கட்டாயப்படுத்தலாகாது என்பது 20-ஆவது ஷரத்து. நான்காவது, காவலில் உள்ள எவரும், வருமானம் எவ்வளவாயினும், இலவசச் சட்ட உதவிக்கு உரியவர். 15100 என்னும் தொலைபேசி எண்ணில் அவ்வுதவியைக் கோரலாம்.

ஹிந்தி வழங்கும் பிரதேசங்களில் இருப்போர் சில சொற்களையேனும் அறிந்துகொள்ளுதல் நலம். கிரஃப்தாரி என்றால் கைது. தலாஷி என்றால் சோதனை. ஜமானத் என்பது நாம் சொல்லும் ஜாமீன். வக்கீலும் வாரண்டும் எங்கும் அவையே.

தனி மனிதரால் ஆகாததைச் சங்கத்தால் செய்துகொள்ளலாம். பொங்கல் விழாவும் பட்டிமன்றமும் நடத்தும் நம் தமிழ்ச் சங்கங்கள், தமிழறிந்த வக்கீல்கள் இருவர் மூவரின் பெயரையும், காரணத் தாளைத் தமிழாக்கித் தரவல்லவர்களின் பெயரையும் ஒரு பட்டியலாக எழுதி வைக்கலாம். புதிதாக வந்திறங்கும் கட்டடத் தொழிலாளிக்கும் ஓட்டலில் வேலை செய்யும் சிறுவனுக்கும் அப்பட்டியலின் பிரதியைக் கொடுத்து, ஒரு தொலைபேசி எண்ணையாவது மனப்பாடம் செய்விக்கலாம். கைதானவரின் கையில் கைப்பேசி இராது. நினைவில் நிற்கும் எண்ணே அவ்வேளையில் உதவும்.